சந்தனம் வைத்த கீபோர்டு

கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. யாரிடமும் முகத்துக்கு நேராகக் கோபப்பட்டுப் பழக்கமில்லாதவன் நான். அதனால் எழுதியாவது வைக்கிறேன்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அப்பா இல்லாத வீட்டில் அதற்கு மேல் படி என்று சொல்ல ஆளில்லை. அம்மாவின் ஆடுகளை மேய்த்துக்கொண்டு திரிந்தேன். அப்போதுதான் வளைகுடாவிலிருந்து திரும்பிய சித்தப்பா இலுப்பூர் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை போடப்போவதாகச் சொன்னார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அங்கேயே அடித்துக் கொடுக்கலாமாம்.

"பெரிய படிப்பெல்லாம் வேணாம் அண்ணி. எழுத்துத் தெரிஞ்சாப் போதும். இவனை எங்கிட்ட விடுங்க. சேர்ல ஒக்காந்து சம்பாதிப்பான்" என்று அவராகத்தான் அம்மாவிடம் சொன்னார். நாங்கள் போய்க் கேட்கவில்லை. அம்மா அந்த வாரமே ஆடுகளை விற்று எனக்குப் பேண்டும் சட்டையும் தைக்கக் கொடுத்தாள்.

அந்தக் கம்ப்யூட்டர் மற்ற கடைகளில் இருப்பதைப் போன்றதல்ல. கம்ப்யூட்டரை ஓட்டும் சாப்ட்வேரைக் காசு கொடுக்காமல் காப்பி எடுத்துப் போட்டால் சோதனைக்கு வந்து பெட்டியையே தூக்கிப் போய்விடுவார்கள் என்று யாரோ சித்தப்பாவைப் பயமுறுத்தியிருந்தார்கள். திருச்சியில் இருந்த அவருடைய நண்பர் ஒருவர், லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, எல்லாருக்கும் பொதுவானது, இலவசம் என்று சொல்லி அதைப் போட்டுக் கொடுத்தார். சித்தப்பாவின் காதில் இலவசம் என்பது மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும். அதை எப்படி ஓட்டுவது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த லினக்ஸ் சின்னமான பெங்குயினைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க வாத்து?" என்று கேட்ட சித்தியிடம், ஆமாம் என்று தலையாட்டிவிட்டார் அவர்.

கீபோர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் கீபோர்டின் படம் அச்சாகியிருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய், படத்தின் மேல் விரல் வைத்து எழுத்துகளைத் தேடிப் பழகினேன். பாஸ்வேர்டாக எங்கள் குலசாமி பெயரை வைத்திருந்தார்கள். தூக்கத்தில் கேட்டாலும் எழுத்து எழுத்தாகச் சொல்வேன்.

விஜயதசமியன்று காலையில் கடை திறப்பு. முதல்நாள் சரஸ்வதி பூஜைக்கு சித்தி சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "ஒன்னையும் விடாம வைடா" என்றாள். கீபோர்டில் ஒரு கட்டையையும் விடவில்லை. எழுத்து, எண், எது எதற்கு என்றே தெரியாத கட்டை எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். சித்தப்பா பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கான்" என்றுகூடச் சொன்னார்.

மறுநாள் நல்ல நேரத்தில், சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கறுப்புத் திரையில் பெயர் கேட்டது. அடித்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் வந்தது. யாரோ கைதட்டினார்கள். அடுத்த வரியில் பாஸ்வேர்டு கேட்டது. முதல் எழுத்தை அடித்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. அழுத்தி அடித்தேன். வரவில்லை.

"சித்தப்பா, எழுத்து வரல."

"வரலைன்னா? இப்பத்தானடா வந்துச்சு?"

சித்தியின் தம்பி அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தவர், "சந்தனம் உள்ள எறங்கிருச்சு மச்சான். அப்பிருக்கான் பாருங்க. மாட்டுப் பொங்கல்னு நெனச்சுட்டான் போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. கன்னத்தில் விட்டார் ஒன்று. நல்ல நேரம் முடிவதற்குள் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டேன்.

அந்தக் கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு அடித்தால் எழுத்தும் தெரியாது, புள்ளியும் தெரியாது. பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடக் கூடாதாம். கண்டுகொள்ளாமல் அடித்துக்கொண்டே போய் எண்டரைத் தட்டினால் திறந்துவிடும். போன வருடம் என் மகள் அவளுடைய லேப்டாப்பில் காட்டியபோதுதான் எனக்கே தெரியும். ஒரு புள்ளி காட்டினால் அதற்கு என்ன குறைந்துபோகும்?

சித்தியின் தம்பி ஸ்குரூ டிரைவரால் கட்டைகளைக் குத்திக் குத்திப் பெயர்த்தார். கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டியபோது பாதி உட்காரவில்லை. நன்றாக இருந்த கீபோர்டு அப்போதுதான் உண்மையிலேயே கெட்டது. அதையும் என் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

சாயங்காலம் திருச்சி நண்பர் போன் செய்தார். சித்தப்பா நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் நண்பர் விளக்கியதைக் கேட்டதும் சித்தப்பாவின் குரல் உயர்ந்தது.

"என்னது, தெரியவே தெரியாதா? அடிச்சுக்கிட்டே போகணுமா? அட, அப்ப கீபோர்டு நல்லாத்தான் இருந்துச்சா!"

அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. மச்சினன் பக்கம் திரும்பி, "மாப்ள, நாளைக்குத் திருச்சி போயி வேற கீபோர்டு வாங்கிட்டு வந்துரு. அப்படியே நீயே ஒக்காந்துக்க" என்றார்.

பையன் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. சொன்னால் மச்சினன் முகம் சுருங்கும், வீட்டில் சித்தி கேட்பாள், ஊரைக் கூட்டி வைத்து அடித்த அடிக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்பன் இல்லாத பையனிடம் அதெல்லாம் எதற்கு?

என்னைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம், "இவனுக்கு இது ஒத்து வராது அண்ணி" என்றார். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. "தெரியாமப் பண்ணிட்டான், மனசுல வச்சுக்காதீங்க தம்பி" என்றாள்.

பஸ்ஸில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. "சித்தப்பாவுக்கு எம்மேல கோவமெல்லாம் போயிருச்சும்மா. போன்ல எப்படிச் சிரிச்சாரு தெரியுமா?" என்று சொல்லி அவளைத் தேற்றினேன்.