தொண்டைக்கு இறங்கும் மருந்து

கோப்பிக் கடையில் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டர் ‘டிக்’ என்கிறது. அவ்வளவுதான், என் தாடை தானாகப் போய் கண் மருத்துவமனையின் லேசர் கருவித் தாங்கியில் உட்கார்ந்துவிடுகிறது. டிக், டிக். பச்சை மின்னல், பின்னும் ஒரு மின்னல். வலியில்லை. கண்ணை மரக்கவைத்திருந்தார்கள். கண்ணோடு சேர்ந்து மரத்த மீதி ஆள் இன்னும் முழுக்கத் தெளியவில்லை.

கண் அழுத்த நோய் என்று சொன்ன நாளிலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மருத்துவர் இரண்டு வழி வைத்தார். தினமும் இரவில் சொட்டு மருந்து, அநேகமாக ஆயுள் முழுக்க. அல்லது முதலிலேயே லேசர். சில நிமிட வேலை, ஆனால் பலன் சில ஆண்டுகளில் தேயலாம், திரும்பச் செய்ய வேண்டி வரலாம், போதாவிட்டால் கடைசியில் சொட்டு மருந்துதான். போன பார்வையை இரண்டுமே திருப்பித் தராது. இருப்பதைக் காக்கும். எதில் தொடங்கினாலும் தப்பில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசிக்க எதுவும் வரவில்லை. அக்காவுக்கு இதே நோய். கூடப் பிறந்தவன் என்பதால்தான் என்னையும் சோதித்தார்கள். பல வருடமாகச் சொட்டு மருந்து போடுகிறவள், அவளையே கேட்போம் என்று குவீன்ஸ்டவுனிலிருந்து தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரவழைத்தேன். புரட்டாசிச் சனி. எனக்கு முன்னால் பரோட்டா, அவளுக்கு முன்னால் தண்ணீர்ப் போத்தல்.

“லேசர் எதுக்குடா? கண்ணுக்குள்ள வெல்டிங்கா வைக்கப் போறாங்க? சொட்டு மருந்த விட்டுட்டுப் படுத்தா முடிஞ்சுதுலா.”

“மறக்காமப் போடறியா?”

“நான் மறப்பேனா? விரத நாள் மட்டும் போடறதில்ல.”

“ஏன்?”

“போட்ட கொஞ்ச நேரத்துல தொண்டையில கசக்குதுடா. உள்ள இறங்கிட்டா அப்புறம் என்ன விரதம்?”

வெள்ளிக்கிழமைகள். சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம். புரட்டாசிச் சனிகள். தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு மண்டலம். எல்லாம் என் கண்முன் வரிசையாக நின்றன. நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

“டாக்டர்கிட்ட சொன்னியா?”

“அவரு டெய்லி போடறீங்களான்னு கேப்பாரு. போடற நாள்ல டெய்லிதானே போடறேன்.” சிரித்தாள். “விரதத்துல அலைய முடியாதுன்னு அப்பாயின்மென்டயும் தள்ளி வாங்கிக்குவேன். பிரஷர் எப்பவும் குட்டுன்னுதான் சொல்றாரு.”

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு யாருடையது என்று தெரியவில்லை.

நான் லேசரைத் தேர்ந்தெடுத்தேன். தைரியம் என்று சொல்ல முடியாது. ஓர் இடத்தில் நில்லாதவன் நான். செங்காங்கில் ஏறி, எங்கே இறங்குவேன் என்று தெரியாமல் ரயிலில் உட்கார்ந்திருப்பவன். தினமும் ஒரே நேரத்தில் ஒரே துளி என்பது என்னிடம் நடக்காது. முடிந்ததும் வெளியே வந்து வெயிலைப் பார்த்தேன். வெயில் கொஞ்சம் மங்கலாக, அதே வெயிலாக இருந்தது. சில வாரத்தில் அழுத்தம் இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள். சரி என்றேன்.

அதன்பின் அக்காவின் முறை, பார்வைப் பரப்புச் சோதனை; துணைக்கு நானும் போனேன். இருட்டறையில் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கதவு ஒருக்களித்திருந்தது. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழுத்தும் ஓசை, பிறகு நெடுநேரம் எதுவுமில்லை, பிறகு ஓர் ஓசை.

மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தார். இடக்கண்ணின் கீழ்ப்பகுதியில் கறுப்பு பரவியிருந்தது. இதே வேகத்தில் போனால் படி இறங்குவதே சிரமமாகிவிடும் என்றார். அழுத்தம் சரியாக இருந்தும் பார்வை குறைகிறதே என்று குழம்பினார். இன்னொரு சொட்டு மருந்தும் சேர்க்கலாம் என்று எழுதப் போனார். மருந்தைத் தினமும் போடுகிறீர்கள்தானே?

“எவ்ரிடே, டாக்டர்.”

அறை குளிர்ந்திருந்தது. என் குரல் யாரோ வாசிக்கும் அறிவிப்பு மாதிரி வந்தது. விரத நாட்களில் போடுவதில்லை, இங்கே வருவது போடுகிற நாட்களில் மட்டும் என்றேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த கண் படத்தைப் பார்த்தாள்.

அவர் கோபிக்கவில்லை. பேனாவை வைத்தார். மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தில் விரலால் அழுத்திக்கொண்டால் தொண்டைக்கு இறங்குவது குறையும் என்று செய்து காட்டினார். அக்காவின் விரல் சொன்னபடி மூக்கோரம் போனது. உங்களுக்கும் லேசர் செய்யலாம், மருந்தை முழுக்க விட முடியாமல் போகலாம், ஆனால் போடாத நாட்களிலும் கொஞ்சம் காவல் இருக்கும் என்றார். அன்று மாலையே இடமிருந்தது. அவள் ரொம்ப நேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். பிறகு தலையசைத்தாள்.

லேசர் அறை வாசலில் தாதி அவள் எண்ணைக் கூப்பிட்டாள். அக்கா கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப் பையில் செருகினாள்.

“நீயா வாயத் தொறக்கலைன்னா நான் சொல்லியிருக்கவே மாட்டேன்டா. இந்தா, பையப் பிடி. போய்ட்டு வர்றேன்.”