பாதியை விற்றவர்

பல் மருத்துவமனைக்கு மேலே, நான்காவது மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் பதினொரு பேர் வேலை பார்த்தார்கள். தலைவிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'நிதானம் மேடம்'. தங்களுக்குள் ரகசியமாகச் சொல்லிக்கொள்வதாகத்தான் அவர்கள் நினைப்பு. மேடத்துக்கோ அது தெரிந்து பல வருடம் ஆகியிருந்தது.

வயது ஐம்பத்திரண்டு. அவர் நடத்தியது ஒரு சின்ன ஹெட்ஜ் ஃபண்ட். பெரிய தொகை வைத்திருப்பவர்களிடம் பணம் வாங்கி, உலகச் சந்தையில் எது ஏறும், எது இறங்கும் என்று பார்த்து இரண்டு பக்கமும் போட்டு வைக்கிற தொழில். இருபத்து மூன்று வயதில் கப்பல் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாகத் தொடங்கியவர். அங்கே ஒரு கப்பல் எப்போது வந்து சேரும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வராமலே போனால் நமக்கு எவ்வளவு நஷ்டம் என்பதுதான் கேள்வி. அது அவரிடம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒரே ஒரு தடவை அதையும் மறந்தார். ஏழு வருடத்துக்கு முன்னால், வட்டி குறைந்தே தீரும் என்று சத்தியம் செய்யாத குறையாக நம்பி, அகலக்கால் வைத்தார். வட்டி ஏறியது. ஃபண்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. நாற்பத்து மூன்று முதலீட்டாளர்களுக்கும் தானே ஃபோன் போட்டுச் சொன்னார். இரண்டு நாள் பிடித்தது. திட்டியவர்களை மறந்துவிட்டார். "பரவாயில்லம்மா, பாத்துக்கலாம்" என்றவர்களின் குரல்தான் காதைவிட்டுப் போகவில்லை.

இந்த வருடம் எல்லோரும் தாமிரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுரங்கங்களில் வேலைநிறுத்தம். மின்சாரக் கார் தொழிற்சாலைகளோ வண்டி வண்டியாகத் தாமிரம் கேட்டன. மாறி மாறி இறக்குமதி வரி போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெரிய நாடுகள், பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு திங்கட்கிழமை காலை அறிவித்தன. பத்து நிமிடத்தில் விலை குதித்தது. மேடத்தின் ஃபண்ட் ஏற்கெனவே தாமிரத்தை நிறைய வாங்கி வைத்திருந்தது.

பக்கத்து அறையிலிருந்து புலி ஓடிவந்தான். கணக்கில் புலி, பெயரும் அதுவே ஆகிப்போனது. எட்டு வருடமாக அவருடைய கூட்டாளி.

"அக்கா, எழுபத்தஞ்சு சதவீத வாய்ப்பு இருக்கு. இன்னும் ஏறும். இப்பவே ரெண்டு மடங்கா போட்டுடலாம். காத்துள்ளபோதே தூத்திக்கணும்."

"மிச்சம் இருபத்தஞ்சு?"

"அது எப்பவும் இருக்கறதுதானே?"

"அது வந்தா நமக்கு எவ்வளவு போகும்?"

புலி விசைப்பலகையைத் தட்டிப் பார்த்தான். "இப்ப இருக்கறதை வெச்சே, எட்டுல ஒரு பங்கு." குரல் கொஞ்சம் இறங்கியது.

மேடம் ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். இரண்டு நாட்டுத் தலைவர்களின் மனசில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. புலிக்கும் தெரியாது. அந்தத் தலைவர்களுக்கே தெரியுமோ என்னவோ!

"பாதியை வித்துடு."

"அக்கா!"

"வித்துடுப்பா. மீதி இருக்கட்டும்."

விற்றார்கள். மறுநாளிலிருந்து விலை மேலும் ஏற ஆரம்பித்தது. அடுத்த வாரமும் ஏறியது. ஐந்து வாரம் விடாமல் ஏறியது. போட்டிக்கு நின்ற ஃபண்டுகள் லாபத்தை அள்ளின. மேடம் அலுவலகச் சமையலறைக்குள் வந்தால் பேச்சு சட்டென்று மாறியது. புலி தாமிர விலையைத் தன் திரையின் மூலையில் சின்னதாக வைத்திருந்தான். அதை எடுக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அவர்களிடம் அதிகப் பணம் போட்டிருந்தது ஆசிரியர்களின் ஓய்வூதிய சங்கம். அதன் தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவரிடமிருந்து ஃபோன் வந்தது. "சனிக்கிழமை எங்க பொதுக்குழு. நீங்களே நேர்ல வந்து விளக்கம் சொல்லிடுங்க. கேள்வி நிறைய இருக்கு."

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது மேடம், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தன் கணவரிடம் கேட்டார். "இனி என்ன ஆகும்னு கேப்பாங்க. தெரியாதுன்னா, பின்ன எதுக்கு உனக்குச் சம்பளம்னுதான் கேப்பாங்க. என்ன சொல்றது?"

"கடைக்குச் சில பேர் வருவாங்க. கண்ணைச் சோதிக்கற அட்டையில கடைசி வரி எழுத்து தெரியாது. ஆனா தெரியலன்னு சொல்ல வெக்கம். குத்துமதிப்பா படிச்சு ஒப்பிச்சுடுவாங்க," என்றார் அவர். "தப்பான கண்ணாடியோட வீட்டுக்குப் போய், படியில தடுக்கி விழுவாங்க. நீ தெரியலன்னே சொல்லு."

"உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டீங்க."

"எனக்குச் சுலபம்தான். போனது என் பணமா என்ன?" என்று சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு அறுபது பேர். மேடம் கரும்பலகை பக்கம் நின்றார்.

முதல் வரிசையில் இருந்த பூகோள டீச்சர்தான் ஆரம்பித்தார். "ஏறுற சமயத்துல பாதியை வித்துட்டீங்களாமே? எங்க பணம்மா அது. இன்னும் ஏறுமா, இறங்குமா? அதையாவது சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுங்க."

பெஞ்சுகள் சலசலத்தன. பின்னாலிருந்து ஒருவர், "அப்ப எதுக்கும்மா உங்களுக்குக் கட்டணம்?" என்றார்.

மேடம் பதறவில்லை. "இந்த அஞ்சு வாரத்துல வந்திருக்க வேண்டிய லாபம் வரல. அது என்னாலதான். மறைக்க மாட்டேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. உங்க சங்கத்துல ஓய்வூதியம் வாங்கறவங்க நாலாயிரத்து இருநூறு பேர். தாமிரம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. மாசாமாசம் ஒண்ணாம் தேதி வரும்னு மட்டும் தெரியும். அன்னிக்கு அவங்க கையில பணம் இருக்கணும். என் கணிப்பு தப்பாப் போனாலும் அது நிக்கக் கூடாது. அதுக்குத்தான் பாதியை வித்தேன்."

பூகோள டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருப்திப்பட்டதாகத் தெரியவில்லை. கை தூக்கி ஓட்டெடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்வது, மீதியை விட்டு வைப்பது என்று முடிவானது. மேடம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். மனசு கனத்துத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லாத கனம்.

அதற்குப் பத்து நாள் கழித்துப் பேச்சுவார்த்தை முறிந்தது. அதே வாரத்தில் சுரங்கத்து வேலைநிறுத்தமும் முடிந்தது. மூன்றே நாளில் தாமிரம், ஏறியதையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு அதற்கும் கீழே போனது. கடன் வாங்கிப் போட்ட இரண்டு ஃபண்டுகள் கதவைச் சாத்தின. மேடத்துக்கும் நஷ்டம்தான், ஆனால் தாங்குகிற நஷ்டம். நூற்றுக்கு நாலு.

புலி அவர் அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். "நான் சொன்னபடி போட்டிருந்தா இந்நேரம் நாமளும் பூட்டைத் தேடிட்டு இருப்போம். நீங்க சொன்னதுதான்க்கா சரி."

"சரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அஞ்சு வாரம் நான் முட்டாளாத்தான் தெரிஞ்சேன். இன்னும் அஞ்சு மாசம் ஏறியிருந்தா நிஜமாவே முட்டாள்தான். உன் கணக்குலயும் தப்பில்ல. நாலுல ஒண்ணு, அந்த மிச்ச இருபத்தஞ்சுதான் வந்துச்சு."

"இப்ப என்ன பண்ணலாம்? விலை அடிமட்டத்துல கிடக்கு."

"அடிமட்டம்னு யார் சொன்னா?"

புலிக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருவருமாக உட்கார்ந்து, போட்ட பணம் வராமல் போனாலும் வலிக்காத அளவுக்குக் கொஞ்சம் வாங்கினார்கள்.

ஆசிரியர்கள் எடுத்துக்கொண்ட மூன்றில் ஒரு பங்கு திரும்பி வரவில்லை. அதை வங்கியில் போட்டுவிட்டார்கள். மீதி அவரிடமே இருந்தது. நடந்ததையெல்லாம் மேடம் ஒரே பக்கத்தில் கடிதமாக எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் அந்தக் கடிதமே திரும்பி வந்தது. இரண்டு எழுத்துப் பிழைகளையும், இடம் மாறி விழுந்த ஒரு புள்ளியையும் கணக்கு வாத்தியார் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். அடியில், 'விளக்கம் புரிகிறது. திருத்தி அனுப்பவும்' என்று ஒரு வரி.

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்த உட்கார்ந்தார்.