வேகத் தோட்டாவும் ஒரு காட்டுப்பன்றியும்: மக்குவாரி சதுப்பு நிலம், 1976

சென்ற மாதம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். "அங்கிள், நண்பர்களோடு மேற்கே பன்றி வேட்டைக்குப் போகிறோம். கடையில் புதிதாக வந்திருக்கும் அதிவேகத் தோட்டாவைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். அதற்கு மாறுவது பிரயோசனமா?" நான் துவக்கு துப்பாக்கி வல்லுநன் அல்ல. தீபாவளிச் சீனவெடிக்கே காதைப் பொத்துகிற ஆள். ஆனால் இதே கேள்வி எங்கள் ஃபிளாட்டில் ஒரு மாதம் முழுக்க ஓடியது. அதன் முடிவில் 1976 மே மாதம் ஒரு பயணமும் போனோம். அதைச் சொன்னால் பதிலும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

அப்போது நானும் என் நண்பன் சற்குணமும் ஹோம்புஷ் புறநகரில் ஒரே ஃபிளாட்டில் இருந்தோம். எனக்குப் பாலம் கட்டுகிற வேலை, அவனுக்கு மின்சார வேலை. இருவருக்கும் கலியாணம் ஆகவில்லை. அவனுடைய தகப்பனார் வவுனியாப் பக்கம் வயல் காவலுக்குத் துவக்கு வைத்திருந்தவர், ஆகவே வேட்டை அவனுக்குப் பழக்கம். அந்த வருடம் அவன் வாங்கியது 'ட்வென்டி-டூ டூ-ஃபிஃப்டி' என்ற ரகத் தோட்டாவுக்கான புது ரைஃபிள். இந்த நாட்டுப் பண்ணைக்காரர் கையில் அந்தக் காலத்தில் அநேகமாக இருந்தது பழைய இராணுவ த்ரீ-நாட்-த்ரீதான்.

"விநாடிக்கு மூவாயிரத்து எழுநூறு அடி, மச்சான்! பெட்டியிலையே அடிச்சிருக்கு. த்ரீ-நாட்-த்ரீ எல்லாம் இனி அருங்காட்சியகத்துக்குத்தான்" என்பான்.

"தோட்டா முனையிலை இருக்கிற சன்னம் கடுகளவுதானே இருக்கு?" என்று கேட்டால், "வேகம் இருந்தால் பாரம் என்னத்துக்கு?" என்று கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டுவான். கணக்கில் பிழையே இருக்காது.

ஒரு திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். என்னுடைய பழைய ஸ்டேஷன் வாகன், பின்னால் இரண்டு நித்திரைப் பை, ஒரு போத்தல் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள். நீல மலையில் பனிப்புகார் அடைத்திருந்ததால் லித்கோவைத் தாண்டவே எட்டு மணியாகிவிட்டது. வீதிப் பலகைகள் கிலோமீற்றருக்கு மாறிவிட்டன, என் காரோ இன்னும் மைலில்தான் எண்ணிக்கொண்டிருந்தது. சற்குணம் ஒவ்வொரு பலகைக்கும் பெருக்கிச் சொல்லிக்கொண்டே வந்தான். டபோவுக்குப் பகல் பன்னிரண்டு, வாரனுக்கு இரண்டேகால். அங்கிருந்து சதுப்பு நிலம் நோக்கி வடக்கே எண்பது கிலோமீற்றர், பாதிக்கு மேல் மண் பாதை. மழை பெய்திருந்ததால் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். மாலை நாலரைக்குப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது மைல்மானி முந்நூற்றெண்பது காட்டியது. போக வரப் பெற்றோலுக்கு இருபத்தாறு டொலர்.

பண்ணைக்குச் சொந்தக்காரி ஜாய்ஸ். ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்தபின் மூவாயிரம் ஆடுகளைத் தனியாக நின்று பார்த்தவர். என்னோடு வேலை செய்த ஒருவரின் சகோதரி என்பதால்தான் அனுமதி கிடைத்தது. குட்டி போடும் காலம் அது. நரி ஒரு பக்கம், பன்றி மறு பக்கமாக ஆட்டுக்குட்டிகளைத் தின்றுகொண்டிருந்தன.

சற்குணத்தின் தோட்டா ஒன்றை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இது நரிக்குச் சரி. பன்றிக்கு எதைக் கொண்டு வந்திருக்கிறீர்கள்?"

"இரண்டுக்கும் இதுதான்" என்றான் இவன். ஜாய்ஸ் தோட்டாவைத் திருப்பிக் கொடுத்தார். தேத்தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் காலை அவன் பக்கம்தான் வெற்றி. வேலியோரம் நரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஜாய்ஸ் தன் த்ரீ-நாட்-த்ரீயைத் தூக்கக்கூட இல்லை. "தூரம் அதிகம். மூன்று கிழமையாக என்னை ஏமாற்றுகிறது." சற்குணம் படுத்தான், மூச்சை விட்டான், சுட்டான். நரி அசையாமல் விழுந்தது. நான் காலடி எண்ணிப் பார்த்தேன்: இருநூற்றெண்பது. அந்தத் தூரத்தில் பழைய துவக்கின் சன்னம் ஏறத்தாழ ஒரு முழம் தாழ்ந்துபோகும். இதுவோ நேர்கோடு போட்டது மாதிரிப் போயிருந்தது. ஜாய்ஸ் அவன் தோளில் ஓங்கித் தட்டினார். அன்று முழுக்க அவனைப் பிடிக்க முடியவில்லை. குசினியில் ஆட்டிறைச்சிக் கறி சமைத்தபடியும் வேகத்தைப் பற்றித்தான் பேச்சு.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, சதுப்பு ஓரத்தில் பெரிய ஆண் பன்றி ஒன்றைக் கண்டோம். தொண்ணூறு யார், அதாவது கஜம், தூரம் இருக்கும். பக்கவாட்டாக நின்றது. சற்குணம் தோள்பட்டைக்குக் குறி வைத்தான். வெடித்ததும் பன்றி குப்புற விழுந்தது. "முடிஞ்சுது!" என்று அவன் எழும்ப, பன்றியும் எழும்பியது. கத்திக்கொண்டு லிக்னம் பற்றைக்குள் ஓடி மறைந்துவிட்டது. ஆள் உயரத்துக்கு, கம்பிச்சுருள் மாதிரிப் பின்னிக் கிடக்கிற புதர் அது.

ஜாய்ஸ் இரத்தத் துளிகளைக் குனிந்து பார்த்தார். "என் நிலத்தில் காயப்பட்ட மிருகத்தை விட்டுவிட்டுப் போகிற வழக்கம் இல்லை. நான் போகிறேன். நீங்கள் இரண்டு பேரும் இங்கே நில்லுங்கள்."

சற்குணம் துவக்கில் அடுத்த தோட்டாவைப் போட்டான். "சுட்டது நான். முன்னுக்கு நான்தான் போவன்" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னான். ஜாய்ஸ் தன் துவக்கை நீட்டினார். பழகாத துவக்கு என்று அவன் வாங்கவில்லை. அவன் முன்னால், நாலு அடி பின்னால் ஜாய்ஸ், கடைசியில் வெறுங்கையோடு நான்.

முழங்காலளவு சேறு. ஐந்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஒரு மணித்தியாலம் இரத்தம் கிடைக்கும், பிறகு தடம் தண்ணீருக்குள் போய்விடும். திரும்பி வந்து புதிதாகத் தேடுவோம். பதினொரு மணிக்கு நான், "காணும், விடு மச்சான், அது செத்திருக்கும்" என்றேன். "செத்ததைக் காணாமல் வரமாட்டன். நீ வேணுமெண்டால் போ" என்றான். நான் போகவில்லை. உண்மையில், தனியே திரும்பப் பயமாகவும் இருந்தது.

ஒரு மணிக்குச் சற்று முன் புதர் உடைகிற சத்தம் கேட்டது. நேரே முன்னாலிருந்து வந்தது. சற்குணம் துவக்கை உயர்த்தக் கால் சறுக்கிச் சேற்றில் மல்லாக்க விழுந்தான். நான் கண்டது பன்றியின் தலையும் மஞ்சள் கொம்புப் பல்லும் மட்டும்தான். அவனுக்கு மேலாக ஜாய்ஸ் சுட்டார். ஒரேயொரு வெடி. பன்றி அவன் சப்பாத்துக் காலுக்கு மேல் வந்து சரிந்தது.

பிறகு ஜாய்ஸ் கத்தியால் தோளைக் கீறிக் காட்டினார். ஆண் பன்றிக்குத் தோளில் விரல் தடிப்புக்குக் கேடயம் மாதிரித் தோல் இருக்கும். சற்குணத்தின் சன்னம் அந்தத் தோலிலேயே பொடியாகிச் சிதறிவிட்டது. சாசர் அகலத்துக்குக் காயம், ஆனால் ஆழமில்லை. விலா எலும்பைக்கூடத் தொடவில்லை. ஜாய்ஸின் சன்னம், வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான், பாரத்தில் மூன்று மடங்குக்கு மேல், தலையிலிருந்து உள்ளே போய் முதுகுவரை ஊடுருவியிருந்தது.

சற்குணம் சேற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். "ஆறு மணித்தியாலம் நோவோடை கிடந்திருக்குது" என்றான். ஜாய்ஸ் அவனுக்குக் கை கொடுத்து எழுப்பினார். "உள்ளே வந்தீர்களே. பலர் வரமாட்டார்கள்" என்றார்.

மிச்ச இரண்டு நாளும் பன்றிக்கு அவருடைய துவக்கை இரவல் வாங்கினான். அதற்கு முதல் வெற்றுத் தகரத்தில் இருபது வெடி வைத்துப் பழகியதில் அவன் தோள் நீலமாகக் கன்றிப்போனது. தன்னுடையதால் இன்னும் நாலு நரி. சனிக்கிழமை நாங்கள் வெளிக்கிடும்போது ஜாய்ஸ் அவனுடைய தோட்டாவின் பெயரைக் கேட்டு நாட்காட்டி ஓரத்தில் எழுதிக்கொண்டார். ஓகஸ்டில் கடிதம் வந்தது. இரண்டாங்கையாக அதே ரகத்தில் ஒன்று வாங்கிவிட்டாராம், நரித் தொல்லை குறைந்துவிட்டதாம். "சற்குணத்தின் கறிக்கு எவ்வளவு மிளகாய்த்தூள்?" என்றும் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம், பண்ணை கைமாறும்வரை, ஒவ்வொரு மே மாதமும் போனோம். என் வாழ்க்கையில் நான் சிரித்த சிரிப்பில் பாதி அந்தப் பாதையில்தான்.

ஆகவே வாசக நண்பரே, வாங்கலாம். திறந்த வெளியில், தூரத்தில், சிறிய மிருகத்துக்கு அது அருமையானது. பன்றிக்கென்றால் கனமான சன்னம், எண்பது யார் தூரத்துக்குள், நிச்சயம் இல்லையேல் சுடாதீர்கள். எங்கள் நாளில் அந்தத் தோட்டா இருபதுக்கு ஆறு டொலர், த்ரீ-நாட்-த்ரீ அதில் பாதி. வாரன் கடையில் அப்போது புது ரகம் கிடைக்கவே கிடைக்காது, இப்போதும் போகுமுன் விசாரித்துவிட்டுப் போங்கள். இன்று சட்டமும் கடுமை. உரிமமும் நிலச் சொந்தக்காரரின் எழுத்து அனுமதியும் கட்டாயம், சதுப்பின் காப்பகப் பகுதிக்குள் கால் வைக்காதீர்கள். மழை பெய்தால் அந்த மண் பாதையில் ஒரு நாள் பொறுத்துப் போங்கள்.

இதை எழுதுமுன் மெல்பேர்னில் இருக்கிற சற்குணத்துக்குத் தொலைபேசி எடுத்து, "உன்ரை பன்றிக் கதையை எழுதட்டோ?" என்று கேட்டேன்.

"ஓம், எழுது. ஆனால் தோட்டாவிலை பிழை எண்டு எழுதிப் போடாதை. பன்றிக்கு எதைக் கொண்டு வந்தனீங்கள் எண்டு அந்த மனிசி முதல் நாளே கேட்டவ. நான்தான் காது குடுக்கேல்லை."