முதலில் கோட்டைக்குப் போ

வீட்டுக்கணக்கு மென்பொருளைத் திறக்கக் கட்டளைகளை வரிசையாக நானே எழுதிய பேட்ச் ஃபைல் இன்று கைவிரித்தது. ஃபோல்டரின் பெயரெல்லாம் சரிதான். ஃபோல்டர் இருப்பது D டிரைவில், கணினியோ C டிரைவை விட்டு நகரவில்லை. உடனே ஃப்ளாப்பியின் கரகரப்பு காதில் கேட்டது.

எண்பதுகளின் கடைசி. கிழக்கேகோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் ஏசி அறை, குங்குமம் வைத்த கம்ப்யூட்டர். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த என் சித்தி எழுதிய பேட்ச் ஃபைல் ஓடினால்தான் அவள் வேலை நிலைக்கும். ஓடவில்லை.

"என்ன மோளே, மெஷின் சத்துப்போச்சா?" என்றார் முதலாளி.

"இல்லை சார். தம்பானூர்ல நிக்கற ஆட்டோக்காரன்ட்ட வடக்குத் தெரு மூணாவது வீடுன்னா, தம்பானூர்லயே தேடுவான். தெரு இருக்கறது இங்க கோட்டையில. மொதல்ல கோட்டைக்குப் போன்னு சொல்லணும்."

கணக்கு ஃப்ளாப்பி B டிரைவில் இருந்தது, கம்ப்யூட்டரோ A டிரைவிலேயே நின்றது. சித்தி ஃபைலின் மேலே 'B:' என்று தனி வரி சேர்த்தாள். திரை நிறையக் கணக்கு விரிந்தது.

"கொள்ளாமல்லோ!" என்று மலையாளத்தில் மெச்சினார் முதலாளி. சித்திக்குச் சோறு கொண்டுபோயிருந்த நான், ஏதோ நானே எழுதியதுபோல் தூக்குச்சட்டியோடு நிமிர்ந்து நின்றேன்.

இன்று நானும் 'D:' என்று ஒரு வரி சேர்த்தேன், திறந்துகொண்டது. கம்ப்யூட்டர் படிக்கும் மகள், "யாருப்பா சொல்லிக் குடுத்தா?" என்றாள்.

"எங்க சித்தி," என்றேன், அதே நிமிர்வோடு. தூக்குச்சட்டி மட்டும்தான் கையில் இல்லை.