மூன்றாம் மாடியின் விளிம்பு

அம்மாவை முதல்முறையாக மைசூர் மாலுக்கு அழைத்துப் போயிருந்தேன். மூன்றாம் மாடியில் ஒரு கடையைப் பலகை வைத்து அடைத்து வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து ஈர சிமெண்ட் வாசனை வந்ததும் எனக்குக் கால் கூசியது. மேலே பூ விரிந்த மாதிரி கண்ணாடிக் கூரை. நடுவில் கீழ்த்தளம் வரை வெறும் வெளி. கண்ணாடித் தடுப்பில் சாய்ந்து ஒரு ஜோடி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஐந்து வயதில் இங்கே கூரையும் இல்லை, தடுப்பும் இல்லை. அம்மா இந்தக் கட்டடத்தில் சித்தாள். பழைய சேலையின் ஒரு நுனியை என் இடுப்பிலும் மறுநுனியைத் தூணிலும் கட்டிவிட்டுத்தான் கலவை சுமக்கப் போவாள். சித்தாள் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் கட்டுண்டு கிடந்தோம்.

ஒருநாள் தூணில் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. புறாவைப் பிடிக்கப் போய் விளிம்பில் நின்றேன். எதிர்ப்பக்கம் தலையில் கலவைச் சட்டியோடு வந்த அம்மா பார்த்துவிட்டாள். கத்தவில்லை. சிரித்தாள்.

"கண்ணு, அப்படியே உக்காரு சாமி. அம்மா முறுக்கு கொண்டாரேன்."

உட்கார்ந்தேன். சுற்றி வந்து என்னை இழுத்து அணைத்தபோது அவள் உடம்பு உதறியது. அப்போதுதான் எனக்குப் பயமே வந்தது. முறுக்கை மறந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், ஸ்வல்ப சைடு," என்று கொஞ்சம் நகரச் சொன்னது செல்ஃபி ஜோடி. நான் தடுப்புப் பக்கம் நகர்ந்தேன். கழுத்தில் வெடுக்கென்று இழுத்தது. என் துப்பட்டாவின் நுனியை அம்மா தன் மணிக்கட்டில் கட்டியிருந்தாள்.

இரண்டு முடிச்சு.