துடைக்கக் கூடாத பசை

பிடிவாதத்தை நற்குணமாக எண்ணுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பல நேரம் அது யோசிக்க மறுப்பதற்கு இட்ட மரியாதையான பெயர். சலவைக்கடை அக்காவின் பிடிவாதமும் பாதி அப்படித்தான்.

ஊரார் துணியை வெளுத்தே வாழ்ந்தவர் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள், ஒரு ஓட்டல் முதலாளி ஓட்டிக் கழித்த பழைய சொகுசுக் கார். தோல் இருக்கை, முகப்பில் வழவழப்பான மரப்பலகை. எஞ்சின் சூடானதும் நடுத்தெருவில் நின்றுவிடும், ஆறினால் கிளம்பும். கார் நின்ற கொட்டகை அவருக்கும் தம்பிக்கும் பொது. தம்பிக்கு அங்கே சரக்கு அடுக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் கார் ஒழுங்காக ஓடாவிட்டால் பழைய இரும்புக்கடை லாரி வரும் என்று கறாராகச் சொல்லிவிட்டான்.

பிளக்குகளுக்குப் பொறியை நேரம் பார்த்து அனுப்பும் இக்னிஷன் மாட்யூல் கெட்டிருக்கிறது என்றார் உதிரிபாகக் கடைக்காரர். அக்கா புதிதை வாங்கித் தானே மாட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி, இரண்டே திருகு. மறுநாள் அதுவும் செத்தது. காரைத் துவைத்துக் கொடியில் காயப்போடச் சொல்லிச் சிரித்தான் தம்பி.

செத்த பெட்டியோடு அக்கா கடைக்குப் போனார். அடியில் இருந்த வெள்ளைப் பசை எங்கே என்று கடைக்காரர் கேட்டார். துடைத்துவிட்டதாகச் சொன்னார் அக்கா. கறையென்று கண்ணில் பட்டதை விட்டுவைக்கிற கை இல்லை அது.

“அக்கா, அது அழுக்கு இல்ல. மாட்யூலோட சூட்டைக் கீழ இருக்கிற உலோகத்துக்கு இறக்கிவிடுறதே அந்தப் பசைதான். அது இல்லாம மாட்டினா வெந்துதான் போகும்.”

அக்காவின் முகம் சுருங்கியது. தவறு தன்னுடையது என்று தெரிந்ததும் ஒதுங்கிக்கொள்வதுதான் மனித வழக்கம். இவர் இன்னொரு மாட்யூலும் அந்தப் பசையும் கேட்டார்.

சனிக்கிழமை காலை பசையை மெல்லியதாகப் பரப்பி, துடைக்கத் துடித்த விரலை மடக்கிக்கொண்டு, பெட்டியைத் திருகி மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். லாரி வந்து வாசலை அடைத்து நின்றது. சூடாகட்டும், தானாக அணையும் என்று தம்பி லாரிக்காரரிடம் சொன்னான்.

சூடானது. ரேடியேட்டர் விசிறி சுற்றி, ஓய்ந்து, மறுபடி சுற்றியது. எஞ்சின் அணையவில்லை. நல்லாத்தானே ஓடுது என்று லாரிக்காரர் முணுமுணுத்தது தம்பிக்குப் பொறுக்கவில்லை.

“இன்னைக்கு ஓடும்க்கா. நாளைக்கு?”

“நாளைக்கு நின்னா நாளைக்குக் கழட்டுறேன். உன்னைக் கேட்டுக்கிட்டா கழட்டப்போறேன்?”

பானெட்டை மூடி உள்ளே ஏறி, ஜன்னல் வழியே லாரிக்காரரைக் கூப்பிட்டார்.

“அண்ணே, லாரியைக் கொஞ்சம் பின்னால எடுங்க. நான் வெளிய போகணும்.”