நம்ம கிளாஸ்ல யார் இருக்காங்க?

மழை நாலு சொட்டு விழுந்தால் போதும், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மேயரின் ஃபேஸ்புக் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். "மேயர், கருணை காட்டுங்க!" "மேயர், எங்க தெருவுல முட்டிக்கால் தண்ணி!" அந்தத் தெருவில் ஒரு பூனைகூட நனைந்திருக்காது. "மேயர், லீவு விட்டீங்கன்னா அடுத்த தேர்தல்ல எங்க அம்மா ஓட்டு உங்களுக்குத்தான்!" அந்த மனுஷரும் பாவம், எத்தனை நேரம்தான் தாங்குவார்? பள்ளிக்கூடம் கிடையாது என்று அறிவித்துவிடுவார். உடனே பத்தாம் வகுப்பு சம்பகீதா பிரிவின் அரட்டைக் குழுவில் ஒரே கூத்தும் கும்மாளமும்தான்.

லிசெல் மனலஸ்தாஸும் அந்தக் கும்மாளத்தில் ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டு வைப்பாள். போடாமல் இருந்தால் யாராவது ஏன் என்று கேட்டுவிடுவார்களே! போட்டுவிட்டு, அம்மாவோடு சேர்ந்து அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றப் போய்விடுவாள்.

ஏனென்றால் அவள் வீடு பூலோவில், ஆற்றை ஒட்டி. மேட்டுத்தெருப் பிள்ளைகளுக்கு லீவு என்றால், பூலோக்காரர்களுக்கு இடுப்பளவு தண்ணீர். இது வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. சந்தைக்கு மேலே சித்தி வீட்டில் இருப்பதாகத்தான் அவள் சொல்லி வைத்திருந்தாள். அதைப் பொய் என்றால் அவளுக்குக் கோபம் வரும். சித்தி என்று ஒருத்தி அங்கே இருக்கத்தான் செய்தாள்.

இந்த வருஷப் புயல் கல்லறைத் திருநாள் விடுமுறைக்குச் சரியாக முன்னால் வந்து தொலைத்தது. மீட்புப் படகு வந்தபோது லிசெலின் அம்மா எர்லிந்தா, "அரிசி கெடக்கட்டும், முதல்ல இவ புத்தகப் பையை வாங்குங்க" என்று படகுக்காரனிடம் சண்டை போட்டாள். பை நனையாமல் வந்தது, அரிசி ஊறிப்போயிற்று. வெள்ளம் வந்தால் வழக்கமாகத் தங்கப் போகும் சின்னப் பள்ளிக்கூடத்தின் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டதால், எல்லாரையும் உயர்நிலைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். பஞ்சாயத்து ஆள் கை நீட்டாமல் உதட்டைக் குவித்தே, 'அந்த ரூம்' என்று காட்டினான். லிசெல் பார்த்தாள். பத்தாம் வகுப்பு, சம்பகீதா.

"நல்லதாப் போச்சு, இனிமே நீ பள்ளிக்கூடத்துக்கு நடக்கவே வேண்டாம்" என்று சிரித்தாள் எர்லிந்தா. மகள் சிரிக்கவில்லை.

நாற்காலிகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, நாலு குடும்பம் அந்த அறையைப் பிரித்துக்கொண்டன. லிசெலுக்குக் கிடைத்த இடம் கரும்பலகைக்கு நேர் கீழே. அண்ணாந்து படுத்தால் மிஸ் எழுதிவிட்டுப்போன விடுமுறைப் பாடம்தான் கண்ணில் விழும்: நம் ஊரின் ஒரு சமூகப் பிரச்சினை. குழுவாக நேரில் போய்க் கேட்டு எழுதுக. அதைத் துடைத்துவிடலாமா என்றுகூட அவள் யோசித்தாள்.

கல்லறைத் திருநாளன்று கல்லறைத் தோட்டத்தின் தாழ்வான பக்கம் முழுவதும் தண்ணீருக்குள் இருந்தது. அதனால் பூலோக்காரர்கள் பள்ளிக்கூடப் படிக்கட்டில் வரிசையாக மெழுகுவத்தி ஏற்றினார்கள். எர்லிந்தா தன் புருஷனுக்கு ஒரு மெழுகுவத்தியும், அவருக்குப் பிடித்த சிகரெட் ஒன்றும் வைத்தாள். மேட்டுத்தெருப் பிள்ளைகளோ கல்லறை மேட்டில் பாய் விரித்து, வறுத்த கோழியோடு எடுத்துக்கொண்ட படங்களைக் குழுவில் போட்டபடி இருந்தார்கள். லிசெல் ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டாள்.

அப்போதுதான் பியாவிடமிருந்து செய்தி வந்தது. பியா வகுப்புத் தலைவி, நல்லவள்தான், ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் விடமாட்டாள். "தலைப்பு கிடைச்சிருச்சுடி! வெள்ளத்துல வந்தவங்க நம்ம ஸ்கூல்லயே தங்கியிருக்காங்களாம். நாளைக்குக் காலைல ஸ்கூல் கேட்டுக்கு வந்துரு. ரென்ஸ் போட்டோ எடுப்பான், நான் கேள்வி கேப்பேன், நீ எழுது. உன் கையெழுத்துதான் அழகு. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வா, அப்பதான் மரியாதை!"

லிசெல் அதை இரண்டு தடவை படித்தாள். காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் போகாவிட்டால் அவர்கள் பாட்டுக்கு அறை அறையாக நுழைவார்கள். கூடவே இருந்தால், சம்பகீதா பக்கம் வராமல் திருப்பிவிடலாம் அல்லவா?

காலையில், பாய்க்கு அடியில் வைத்து மடிப்பு எடுத்திருந்த யூனிஃபார்மை எடுத்தாள்.

"லீவு நாள்லயா?" என்றாள் எர்லிந்தா.

"குரூப் வேலைம்மா. பியாவும் ரென்ஸும் வர்றாங்க. இங்க இருக்கறவங்களப் பேட்டி எடுக்க..."

எர்லிந்தா மகளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அவள் காலரைச் சரிபண்ணிவிட்டு, "போயிட்டு வா" என்றாள்.

லிசெல் கேன்டீன் பக்கத்து வேலியின் ஓட்டை வழியாக வெளியே போய், பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு, சந்தைப் பக்கமிருந்து வந்தவள்போல முன்வாசலில் நின்றாள். பியா பிஸ்கட் பாக்கெட்டுகள் கொண்டுவந்திருந்தாள். ரென்ஸ் போனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டான். மூவரும் உள்ளே போனார்கள்.

வராந்தாவில் பூலோக்காரர் தியோங் மாமா சீட்டாடிக்கொண்டிருந்தார். லிசெலைக் கண்டால் "டாக்டரம்மா!" என்று வம்பிழுக்காமல் ஒருநாளும் விட்டதில்லை. இன்றைக்கும் வாயைத் திறந்தார். யூனிஃபார்மைப் பார்த்தார், கூட வந்த இரண்டு பேரைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். "வாங்க, வாங்க, ஸ்டூடண்டுங்களா?" என்றார். துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள், பல் தேய்த்துக்கொண்டிருந்த கிழவர், ஒருவரும் அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவளைத் தூக்கி வளர்த்த பூலோ முழுவதும் அவளை யாரோ போலப் பார்த்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கோ கூசிப்போயிற்று.

நாலு பேரிடம் கேட்டு எழுதியாயிற்று. "போதும் பியா, பக்கம் நெறஞ்சிருச்சு" என்றாள் லிசெல்.

"என்னடி போதும்? நம்ம கிளாஸ்ல யார் இருக்காங்கன்னு பாக்க வேண்டாமா?"

"அங்க வேண்டாம். கூட்டமா இருக்கும்."

"கூட்டமா இருந்தாத்தான் நல்லது" என்று சொல்லிக்கொண்டே பியா நடந்துவிட்டாள். அவளைத் தடுக்க யாரால் முடியும்!

"ஐயோ, என் நாற்காலி!" அறைக்குள் நுழைந்ததுமே பியா கத்தினாள். அதன்மேல் யாருடைய பாவாடையோ காய்ந்துகொண்டிருந்தது.

"உன்னைவிட அந்தப் பாவாடை ஒழுங்கா உக்காந்திருக்கு" என்றான் ரென்ஸ்.

ஜன்னலோரம், சின்ன அடுப்பில் எர்லிந்தா கோகோக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். பியா போய்க் குனிந்து, பெரியவர்களிடம் ஆசி வாங்கும் முறைப்படி அவள் கையை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். "கடவுள் காப்பாத்தட்டும்மா" என்றாள் எர்லிந்தா. ரென்ஸ் ஒற்றிக்கொண்டான். அடுத்தது லிசெல். அம்மாவின் கையில் கோகோ வாசனை. ஆட்காட்டி விரலில் சாக்கு ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன இடம் லிசெலின் நெற்றியில் உரசியது. "கடவுள் காப்பாத்தட்டும்மா" என்று மற்ற இரண்டு பேருக்கும் சொன்ன அதே குரலில் சொல்லிவிட்டு, எர்லிந்தா கையை உருவிக்கொண்டாள்.

"பேரு ஆன்ட்டி?"

"எர்லிந்தா."

"முழுப் பேரு?"

"எர்லிந்தா போதும்மா."

"வேலை?"

"அரிசி மில்லுல சாக்கு தைக்கிறேன்."

"இங்க எது ஆன்ட்டி ரொம்பக் கஷ்டம்?"

"கக்கூஸ் க்யூதான்!" எல்லாரும் சிரித்தார்கள். லிசெல் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே போனாள்.

"பிள்ளைங்க எத்தனை பேர் ஆன்ட்டி?"

எர்லிந்தா கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். மகள் பக்கம் கண் போகவே இல்லை. "பிள்ளைங்க இல்லம்மா" என்றாள்.

"அடடா" என்றாள் பியா, உண்மையான வருத்தத்தோடு.

"கடவுள் குடுக்கல. என்ன பண்றது!" என்று எர்லிந்தா குனிந்து அடுப்பின் தீயைக் குறைத்தாள்.

பேனா நின்றுவிட்டது.

"எழுதுடி" என்றாள் பியா மெதுவாக. "இல்லைன்னு எழுது."

எப்படி எழுதுவாள்? அரிசியை விட்டுவிட்டுப் புத்தகப் பையைத் தூக்கிக் கொடுத்த அம்மா ஆயிற்றே. பெற்ற பிள்ளையை இல்லையென்று சொல்லும்போதுகூட அவள் குரல் நடுங்கவில்லை. மகளின் மானம் போகக்கூடாது என்பதற்காக அவள் மகளையே விட்டுக்கொடுத்துவிட்டாள்.

"அவங்க பொய் சொல்றாங்க" என்றாள் லிசெல்.

"ஏய், என்னடி பேசற?"

"அம்மா, ஏம்மா இப்படிச் சொல்ற?"

ரென்ஸ் போனைக் கீழே இறக்கினான். எர்லிந்தா முகம் வெளிறிப்போய், கடைசியாக ஒருமுறை மகளைக் காப்பாற்றப் பார்த்தாள். "பாவம், இந்தப் பொண்ணு காலைல ஒண்ணும் சாப்பிடல போலிருக்கு. பசி மயக்கம்..."

லிசெலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "போதும்மா! என் பச்சைக் கிண்ணத்துல ஊத்து."

பியா அம்மாவைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கரும்பலகைக்குக் கீழே சுருட்டி வைத்திருந்த பாயையும் அதன்மேல் இருந்த புத்தகப் பையையும் பார்த்தாள். அது தெரிந்த பைதான். "நான் மேயர்கிட்ட லீவு கேட்டப்ப நீ ஹார்ட் போட்டியேடி."

"போட்டேன்."

"அப்ப நீ எங்க இருந்த?"

"பரண்மேல."

பியாவுக்குப் பேச்சு வரவில்லை. அது இந்த ஊர் சரித்திரத்திலேயே முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ரென்ஸும் உட்கார்ந்தான். "இவளக் கூடவே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் பேட்டி எடுத்திருக்கோம்" என்றான். எர்லிந்தா அவசர அவசரமாகக் கிண்ணங்களில் கஞ்சியை ஊற்றினாள். "கருவாட்டைக் கடிச்சுக்கிட்டுச் சாப்பிடுங்க, வெறும் இனிப்பு திகட்டும்" என்று அதட்டினாள். அதட்டும்போதே கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

கிண்ணம் பாதியானதும் பியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, அந்தக் கேள்விய மறுபடியும் கேக்கலாமா? பிள்ளைங்க எத்தனை பேர்?"

எர்லிந்தா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். லிசெல் புருவத்தை உயர்த்தினாள், சொல்லு என்று.

"ஒண்ணே ஒண்ணு!" வராந்தாவின் கடைசிவரை கேட்கும்படி சொன்னாள் எர்லிந்தா. "இதோ உக்காந்து எழுதுதே, இதுதான்."

"அப்பாடா!" வெளியிலிருந்து தியோங் மாமாவின் குரல். "காலையிலேர்ந்து வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். டாக்டரம்மா, எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டாம்மா!"

லிசெல் எழுதினாள். அவளுடைய அழகான கையெழுத்து அந்த ஒரு வரியில் மட்டும் கோணிப்போயிற்று. வேறு தாளில் எழுதலாமா என்று அவள் கேட்டதற்கு பியா முடியவே முடியாது என்றுவிட்டாள். அப்படியேதான் மிஸ்ஸிடம் கொடுத்தார்கள்.